ஸ்தாபகர் பட்டியல்

ரொறன்ரோவில் அந்தத் தமிழ் மாணவர் சகோதர சங்கத்தை 1991இல் தொடங்கிய ஆறு பேரும் காலமாகிவிட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு கூட்டத்திலும் செயலாளர் அவர்களின் பெயர்களைக் கூப்பிடுவார். "இஞ்சைதான் இருக்கிறார்!" என்று எல்லோரும் பதில் சொல்வது வழக்கம்.

வான்கூவரில் வேலை கிடைத்த ஜெனாட், அன்றைய கூட்டத்தில் சங்கத்திலிருந்து விலகும் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கதவை நோக்கி நடந்தான். செயலாளர் அபிஷன் பழைய கொப்பியைப் பார்த்து ஆறு பெயர்களையும் வாசித்தான். ஏழாவதாக, "ஜெனாட் இக்னேசியஸ்" என்றான்.

ஜெனாட் சிரித்துவிட்டான். "விசரா, நான் அப்ப பிறக்கவேயில்லையடா! ஃபிளைட்டுக்கு நேரமாகுது, வாறன்."

அபிஷன் நிமிரவில்லை.

"இஞ்சைதான் இருக்கிறார்!" என்றன இருபது குரல்கள்.

கதவுப்பிடியைத் தொட்ட ஜெனாட், அடுத்த கணம் ஸ்தாபகர்களுக்கென ஒதுக்கிய வெற்றுக் கதிரைகளின் வரிசையில் உட்கார்ந்திருந்தான். எழ முடியவில்லை. ஒருவரும் அவனைப் பார்க்கவுமில்லை.