எண்ணெய் கசிந்த பிரேக்

சைக்கிள் கடையில் இருந்தது ஒரே ஒரு மெக்கானிக் வேலை. வந்தவர்கள் இரண்டு பேர்: மூன்று மாதமாக வேலையில்லாத அவளும், அவளைவிட இளையவன் ஒருவனும்.

மேலாளர் ஆளுக்கொரு சைக்கிளைக் காட்டினார். "ரெண்டுலயும் ஹைட்ராலிக் பிரேக்ல எண்ணெய் கசியுது. சரி பண்ணுங்க."

பத்தே நிமிடத்தில் அவன் பழைய பிரேக்கை முழுசாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டினான். கையை மட்டும் கொண்டுவந்திருக்கிறான், மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தாள். ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி, பிரேக் பிடியை அழுத்திக் கட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

"என்னம்மா, சைக்கிளுக்குக் காயமா? கட்டெல்லாம் பலமா இருக்கு" என்றார் மேலாளர்.

அரை மணி நேரம் கழித்துப் பிரித்தாள். ஒரு காகிதத்திலும் ஈரமில்லை.

"இதுல கசிவே இல்ல சார். யாரோ வெளியில எண்ணெயைப் பூசியிருக்காங்க."

"நான்தான் பூசினேன். ரெண்டுலயும்."

வேலை கைக்கு வந்துவிட்டதாகவே நினைத்தாள். பாவமே என்று அவன் பக்கம் திரும்பினாள்.

மேலாளர் அவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமை வந்துடு தம்பி."

"சார், கண்டுபிடிச்சது நான்."

"அதாம்மா சிக்கல். நல்லா இருக்கறதை நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டா, புது பிரேக்கை நாங்க யாருக்கு விக்கறது?"

வாசலில் அவனைப் பிடித்துக்கொண்டாள். "கசியுதா இல்லையான்னு பாக்கக்கூடத் தெரியாதா உனக்கு?"

"பிடியை ஒரு தரம் அழுத்துனதுமே தெரிஞ்சுதுக்கா, பிரேக் நல்லாத்தான் இருக்குன்னு" என்றான் அவன். "அப்புறம் சாருக்கு எது வேணும்னுதான் யோசிச்சேன்."