இரண்டு சென்டிமீட்டர்

கோடு இரண்டு சென்டிமீட்டர் இறங்கி இருந்தது.

அளவு டேப்பை இன்னொரு முறை ஜாடியோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். பதின்மூன்றுதான். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முப்பத்தோரு வருடம் தண்ணீர்த் தொட்டி செய்து பிழைத்த மனிதர். இத்தனை லிட்டர் வேண்டும், அடியில் இவ்வளவுதான் இடம் என்று யாராவது வந்து நின்றால், வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே உயரத்தைச் சொல்லிவிடுவார். ஒரு தொட்டிகூடத் திரும்பி வந்ததில்லை.

இப்போது சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்துவிட்டன. ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லி தண்ணீர், அதற்கு மேல் ஒரு மிடறுகூடக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

தினமும் காலையில் இந்தக் கண்ணாடி ஜாடியில் மனைவிதான் அளந்து வைக்கிறாள். கோடும் அவள் போட்டதுதான், நகப்பூச்சால்.

ஜாடியின் உள்விட்டம் எட்டு. அடிப்பரப்பு ஐம்பது சதுர சென்டிமீட்டர். எழுநூற்றைம்பதை ஐம்பதால் வகுத்தால் பதினைந்து. இதற்குக் காகிதமா வேண்டும்?

அப்படியானால் நூறு மில்லி குறைகிறது. ஒன்றரை மாதமாக நாக்கு வறண்டு கிடந்ததற்கு டாக்டரைத் திட்டினார், மாத்திரையைத் திட்டினார், வெயிலைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் பார்த்தால் திருட்டு வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது.

சமையலறையில் இருந்தவளைக் கத்திக் கூப்பிட்டார்.

"தொட்டிக்காரன் பொண்டாட்டிக்கு ஒரு கோடு ஒழுங்கா போடத் தெரியல. பதினஞ்சு வரணும், பதிமூணுல போட்டு வெச்சிருக்க. தாகத்துலயே என்னைக் கொன்னுடலாம்னு பாக்கறியா?"

அவள் ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தாள். ஜாடியைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள். மாட்டிக்கொண்ட முகமாக அது இல்லை. அதிலேயே அவருக்கு இன்னும் கொஞ்சம் ஏறியது. மார்க்கர் பேனாவை எடுத்துப் பதினைந்தில் அழுத்தமாக ஒரு கோடு போட்டார்.

"உங்க கணக்கு சரிதான். அந்த நூறையும் தனியா எடுத்துதான் வெச்சிருக்கேன். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உக்காந்து தண்ணி கேக்கறீங்க. காலையில உங்களுக்கு ஞாபகமே இருக்கறதில்ல. முதல் வாரம், இன்னிக்கு அளவு முடிஞ்சிடுச்சு, இல்லைன்னு சொல்லிப் பாத்தேன்."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை.

இல்லையென்று அவள் சொன்ன அந்த ராத்திரிகளில் தான் என்ன செய்தோம் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவள் கையிலிருந்த துணியை வாங்கி, பதினைந்தில் இருந்த கோட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.