பிரதர்ஸை அழி

"போர்டுல அந்த 'பிரதர்ஸ்'ஸை அழிச்சுடு"ன்னாரு ஜானி பாஷா.

ஏணி மேல நின்ன பெயிண்டர் வேணுவுக்கு வாய் சும்மா இருக்குமா? "தம்பிகிட்ட பாகம் பிரிச்சுக்கிட்டீங்க, சரி. போர்டு என்ன பாய் பண்ணுச்சு?"

"அழின்னா அழி."

தேரடித் தெருவுல 'ஜானி பாஷா & பிரதர்ஸ்'னா மாட்டுக்கயிறு, சலங்கை, மணி. கிராமத்து ஜனங்களுக்கு ஜானி யாரு, தம்பி நசீருதீன் யாருன்னு தெரியாது. 'பிரதர்ஸ் கடை'ன்னாத்தான் தெரியும். பாகம் பிரிச்சப்போ, அந்தப் பேரு ஒருத்தருக்குத்தான், பெரியவரே வச்சுக்கட்டும்னு வக்கீல் முடிச்சுட்டாரு.

நசீரு எதிர்லயே தனிக்கடை போட்டான். ஈ ஓட்டக்கூட ஈ வரல. கார்த்திகை தீபத்து மாட்டுச்சந்தையிலயும் இப்படியே போனா, கடைய மூட வேண்டியதுதான்.

வேணு அழிச்சுட்டு திரும்பினான். "மொட்டையா நிக்குது பாய். 'அண்ட் கோ' போடட்டா? 'சன்ஸ்' போடலாம்னா உங்களுக்கு மூணும் பொண்ணு."

"ஒண்ணும் வேணாம். எறங்கு."

கூடப் பொறந்தவன் ஞாபகம் எழுத்துலகூட ஆவாதா இந்த ஆளுக்குன்னு முணுமுணுத்துக்கிட்டே எறங்கினான் வேணு.

எதிர்க்கடையிலேர்ந்து நசீரு கைதட்டிக் கூப்பிட்டான். மூஞ்சி செவந்து கெடந்துது.

"அவருக்கு வேணாம்னா எனக்கு வேணும். 'நசீருதீன் & பிரதர்ஸ்'னு எழுது. கோபுரத்துலேர்ந்து பாத்தாலும் தெரியணும்."

"வக்கீல் நோட்டீஸ் வந்தா?"

"வரட்டும். என் கையாலயே வாங்கிக்கறேன்."

வேணு ஆளுயரத்துக்கு எழுதினான். நோட்டீஸ் வரும் வரும்னு பாத்தான். வரவே இல்ல.

சந்தை கூடின அன்னிக்கு, எரவல் வாங்கின ஏணிய ஜானி பாய் கடைக்குத் திருப்பித் தூக்கிட்டு வந்தான் வேணு. படியில நாலஞ்சு கிராமத்து சம்சாரிங்க நின்னாங்க.

"வருஷா வருஷம் வாங்குவோமே, பிரதர்ஸ் கடை இதானே பாய்?"

ஜானி பாய் கயித்துலேர்ந்து தலையத் தூக்கல. "இல்லப்பா. எதிர்க்கடை."

அவங்க ரோட்டைத் தாண்டிப் போனாங்க. அங்க ஏற்கெனவே ஒரே கூட்டம். நசீரு நிமிரக்கூட நேரமில்லாம கயிறு அளந்துக்கிட்டிருந்தான்.

வேணுவுக்கு மொத மொறையா வாயில ஜோக்கு வரல. ஏணியப் புடிச்சபடி அந்த மனுஷனையே பாத்தான்.

"அந்தப் பேர பாகம் பிரிச்ச அன்னிக்கே நீங்களா குடுத்திருக்கலாமே பாய்?"

"குடுத்தேன், வாங்கல. அதான் தூக்கிப் போட்டேன், எடுத்துக்கிட்டான். மெதுவா பேசுடா, அவன் காதுல வுழுந்தா போர்டை அழிச்சுடுவான்."