அழைப்பில்லா வார்டு

ஒருவழியாக இசக்கிசெல்விக்கு இருமல் நின்றிருந்தது. தங்கை பேச்சி போர்வையை இழுத்து அவள் காலை மூடினாள். வார்டுக்குப் புதிதாக வந்த ஏசியில் கால் சில்லிட்டிருந்தது.

விடிந்ததிலிருந்து அக்கா, பேச்சியின் வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். இப்போதுதான் விட்டிருந்தாள். மணிக்கட்டில் விரல் தடம் இன்னும் சிவப்பாகத் தெரிந்தது.

இருவரும் சங்கரன்கோவில் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறை, ஒரே கம்பெனி, ஒரே அசெம்பிளி லைன். காய்ச்சல் நெஞ்சில் இறங்கி மூச்சு வாங்கத் தொடங்கியதும், நேற்று ஷேர் ஆட்டோவில் அக்காவை இந்த அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள் பேச்சி. ஊரிலிருந்த அம்மாவிடம் போனில், "பயப்படாத, அக்காவ நல்லாக்கிக் கூட்டிட்டு வந்துருதேன்" என்று சொல்லியிருந்தாள்.

வாசலில் அமளி. திட்ட இயக்குநர் வெங்கடேசன் வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒரு கேமரா, பின்னால் ஒரு பூங்கொத்து.

"ஏம்மா, டாக்டர் வந்துகிறாரா?" என்றார் எதிர்ப்படுக்கை முனிரத்தினம்.

"இல்ல பெருசு, கேமரா வந்துகீது. கம்முனு படு" என்றாள் நர்சு மதிவதனி.

வெங்கடேசன் போன வருஷம் ஒரு கார் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தார். மதியம் அங்கேயே பிரியாணி சாப்பிட்டார். கை கழுவி வருவதற்குள் மருத்துவத் துறையைத் திருத்திவிடுவது என்று முடிவெடுத்திருந்தார்.

நர்சு எதற்குப் படுக்கை படுக்கையாக நடக்க வேண்டும்? அந்தத் தொழிற்சாலையில் பார்த்தது போலவே படுக்கைக்கு ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினால் நர்சு மேஜையில் விளக்கு எரியும். எரிகிற படுக்கைக்கு மட்டும் போனால் போதும். மிச்சமான நர்சுகளை வேறெங்கோ மாற்றியாயிற்று.

பொத்தானைப் பார்த்ததுமே பேச்சிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவர்கள் லைனில் தலைக்கு மேல் தொங்குவதும் இதேதான்.

"காலையிலேர்ந்து எத்தனை அழைப்பு?" என்றார் வெங்கடேசன்.

"ஒண்ணுகூட இல்ல சார். லைட்டே எரியல. நானும் ரிப்போர்ட்ட கம்ப்யூட்டர்ல ஏத்திக்கினே உக்காந்துகிறேன்" என்றாள் மதிவதனி.

"பூஜ்ஜியம்!" வெங்கடேசன் கேமராவுக்கு முகத்தைக் கொடுத்தார். "யாருக்கும் ஒரு குறையும் இல்ல. அழைப்பில்லா வார்டு! வெளிநாட்டுக்காரன் வந்து கத்துக்கணும்."

கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். முனிரத்தினம் தமக்குத்தான் என்று நினைத்துப் படுத்தபடியே கும்பிட்டார்.

வெங்கடேசனின் பார்வை பேச்சியின் கம்பெனிச் சட்டையில் நின்றது. "இந்த மாதிரித் தொழிலாளிங்களுக்காகத்தான் இந்தத் திட்டமே. உங்க கம்பெனிலயும் இந்தப் பட்டன் உண்டு இல்லம்மா?"

"உண்டு சார்."

"பேஷண்ட் எப்படி இருக்காங்க?"

"இருமல் நின்னுட்டு சார்."

"கேட்டுக்குங்க!" என்று கேமராவிடம் சொன்னார்.

தன் கையில் திணிக்கப்பட்ட பூங்கொத்தை வைக்க இடம் தேடிப் படுக்கையோரம் குனிந்த மதிவதனியின் கை இசக்கிசெல்வியின் மணிக்கட்டில் பட்டது. அங்கேயே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு கழுத்தில் வைத்துப் பார்த்தாள். பூங்கொத்து தரையில் விழுந்தது.

"சார்..."

"இரும்மா, ரெக்கார்டிங் ஓடுது." வெங்கடேசன் மைக்கைப் பேச்சியிடம் நீட்டினார். "நீ சொல்லும்மா. இந்தப் பட்டனை அமுக்க ஒரு தடவைகூடத் தேவை வரலையா?"

பேச்சி பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரலில் அழுகை இல்லை, கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை.

"கையத் தூக்குனப்பல்லாம் அக்காதான் பிடிச்சு இழுத்துட்டா சார். கம்பெனில இத அமுக்கி லைன நிறுத்துனா மறுநாளு கேட்டுக்குள்ள விடமாட்டாவல்லா? இங்கயும் நம்மள வெளிய தள்ளிருவாவ, அமுக்காதட்டின்னு சொன்னா."

சிவந்திருந்த கையை மடியிலிருந்து எடுத்தாள்.

"இப்ப விட்டுட்டா. அமுக்கட்டுமா சார்?"