பதினைந்தாவது விரலெலும்பு

மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஷெர்லிக்கு எலும்புக்கூடுகளைக் கம்பியில் கோக்கும் வேலை. குரங்கானாலும் மனிதனானாலும் ஒரு கைக்குப் பதினான்கு விரலெலும்புகள்தான். இன்று குரங்கின் கையைக் கோத்து முடித்த பிறகும் தட்டில் ஒன்று மிஞ்சியது. பெரியது. ஒரு முனை நசுங்கியிருந்தது. அதைப் பிரஷ்ஷால் தேய்த்தாள்.

கணவன் ஹென்றி வீட்டிலிருந்து போன் செய்தான். போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் கதவு அவனுடைய மோதிர விரலைப் பிடுங்கி மூன்று மாதமாகிறது. இல்லாத விரல் வலித்து வலித்து அவன் தூக்கமே போயிற்று.

"யாரோ அந்த வெரல தேய்க்கிற மாதிரி இருக்கு லா. கூசுது."

"வலிக்குதா?"

"இப்பத்தான் வலியே இல்ல. சிரிக்காதடி."

ஷெர்லி பிரஷ்ஷை வைத்துவிட்டு எலும்பை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"கதகதன்னு இருக்கு" என்றான். கொஞ்ச நேரத்தில் போனில் குறட்டை கேட்டது.

மாலைவரை அவள் ஒற்றைக் கையாலேயே வேலை பார்த்தாள்.