மருதையன் வீடு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் உப்புக்கல் அளவும் பொய் கிடையாது. இருந்தால், அடுத்த தடவை நான் வலையை இழுக்கும்போது மீனுக்குப் பதில் கருவாடு ஏறட்டும்.

மருதையன், வாயில் ஒன்றும் இல்லாமலே அரை மணி நேரமாக மென்றுகொண்டிருந்தார். கடைவாயில் எச்சில் நூலாக இறங்கியது. மடியில் கிடந்த கை, இல்லாத பீடியை உருட்டிக்கொண்டே இருந்தது.

எதிரே பாயில் உட்கார்ந்திருந்த கீர்த்திகாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நர்சிங் மூன்றாம் வருஷம். மனநல மருந்துகளின் பக்கவிளைவுகளை ஒரு நோயாளியிடமாவது நேரில் பார்த்து எழுதி வரச் சொல்லியிருந்தார் ஆசிரியர் தெட்சிணாமூர்த்தி. மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றோ இரண்டோதான் அகப்பட்டன. இவளுக்குப் பாடப்புத்தகமே கைலி கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தது.

கோட்டுச்சேரிமேட்டில் கிராமச் செவிலியரின் பதிவேட்டில் எல்லா வீடும் ஆம்பிளை பேரில்தான் இருக்கும். போன வாரம் 'அரசப்பன் வீடு, பிரஷர்' என்றிருந்ததைப் பார்த்துப் போய், அரசப்பனுக்கு இப்போது பிரஷர் எப்படி என்று விசாரித்தாள். "அது எறங்கி பதினோரு வருசம் ஆவுது தாயி, சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போன அன்னைக்கே" என்றாள் அவர் சம்சாரம்.

இந்த வாரம் 'மருதையன் வீடு, மனநல மாத்திரை'. மருதையன் உயிரோடு இருந்தார். கீர்த்திகாவுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

"மாத்திரையத் தவறாம சாப்பிடுறாராக்கா?"

"ஒரு வேளை விட்டதில்ல" என்றாள் அவர் மனைவி லோகாம்பாள், அரிவாள்மணையில் சங்கரா மீனின் தலையை அறுத்தபடி. "கொழம்புல கரைச்சுக் குடுத்துருவேன்."

"ஐயோ, அவருக்குத் தெரியாமக் குடுக்கக் கூடாதுக்கா. சொல்லித்தான் குடுக்கணும்."

"சொன்னா திம்பாரா? நீ ஒண்ணு!"

"முன்னாடி எப்படி இருந்தாரு?"

"தண்ணியப் போட்டுட்டு வந்து கைய ஓங்குவாரு. ரெண்டு மாசமா அந்தக் கைக்குச் சோத்தையே எடுக்கத் தெம்பு இல்ல."

'ஆவேசம் குறைந்துள்ளது' என்று எழுதி அடிக்கோடிட்டாள் கீர்த்திகா.

"கடலுக்குப் போறாராக்கா?"

"எங்கேருந்து? கயித்துல ஒரு முடிச்சு விழல. நீ கரையிலயே கெடன்னு படகுலேருந்து எறக்கி விட்டுட்டாங்க."

மருதையனின் முகம் சுவர் மாதிரி அசையாமல் இருந்தது. கண் மட்டும் கீர்த்திகாவை விட்டு நகரவில்லை. தடித்த நாக்கை எப்படியோ புரட்டினார். "எ... எனக்கு... இல்ல..."

லோகாம்பாள் முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். "தனக்கு நோயே இல்லங்கிறாரு. இந்த மாதிரி ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்களாமே?"

"ஆமாக்கா! எங்க புத்தகத்துலயே போட்டிருக்கு." அதையும் எழுதிக்கொண்டாள்.

பிறகு படித்ததையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். "இந்த நடுக்கம், எச்சில், இறுக்கம் எல்லாமே மாத்திரையோட பக்கவிளைவுதான். டாக்டர்கிட்ட சொன்னா அளவக் கொறைப்பாங்க. ஆனா நல்லாக் காய்ச்சலடிச்சு, ஒடம்பு கட்டையா வெறச்சுதுன்னா ஒரு நிமிசம் நிக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிதான். விட்டா உசுரே போயிரும்."

அறுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"உசுரேவா?"

"ஆமாக்கா."

"எத்தன மாத்திரைக்கும்மா அப்படி ஆவும்?"

இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற குடும்பத்தை இந்த மூன்று வருஷத்தில் கீர்த்திகா பார்த்ததே இல்லை. "அதுக்குக் கணக்கெல்லாம் கெடையாதுக்கா, ஆளுக்கு ஆள் மாறும்" என்றாள் உருகிப்போய். லோகாம்பாள் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த மீனை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தா காட்டுங்கக்கா. மருந்து பேரு எழுதணும்."

"அது மழையில நனைஞ்சு வீணாப் போச்சு."

மருதையன் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, தரையை விட்டுப் பாதம் எழும்பாமல், அரை அரை அடியாக நகர்ந்தார். எதிர்ச்சுவர் ஆறடி தூரம். அதற்குள் ஒரு ஆள் வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்த் திரும்பியிருக்கலாம். கீர்த்திகா அந்த நடையையும் குறித்துக்கொண்டாள்.

"விழுந்து தொலையப் போற, உக்காரு!" மீன் கையோடு பாய்ந்து எழுந்தாள் லோகாம்பாள்.

அதற்குள் அவர் காலண்டர் ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் பையைப் பிடித்து இழுத்துவிட்டார். பை கிழிந்து, மடித்த சீட்டு கீர்த்திகாவின் காலடியில் விழுந்தது. சீட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

கீர்த்திகா எடுத்துப் பிரித்தாள். மேலே, நீல மையில், கொட்டை எழுத்தில் இருந்தது:

பெயர் லோகாம்பாள். பெண். வயது நாற்பத்து மூன்று.