குழியில் விழுந்த முதல் கொத்து

மழை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காட்டில், காய்ச்சலுக்கான பச்சிலையை எல்லாரும் ஒரு பாறைக்குழியில் சேர்த்து, தலைவர் யானை அதைக் காக்கலாமா, வேண்டாமா என்று கூட்டம் கூடியது. ஆளுக்கொரு கொத்து இலையோடு வந்தவர்கள், விடிந்ததிலிருந்து பேசியும் முடிவு வரவில்லை.

கீரியம்மாவின் மடியில் குட்டி அனலாய்க் கொதித்தது. அவளிடமிருந்த ஒரே கொத்து ஒரு வேளைக்குக்கூடக் காணாது.

"தும்பிக்கை நுழைஞ்ச குழியில இலை மிஞ்சுமா? என் குகையில கொண்டுவந்து வைங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றது கரடி.

"நேத்தே இலை கேட்டு உங்க குகைக்கு வந்தேனே, கரடியண்ணே!" என்றாள் கீரியம்மா. " ஏற்கெனவே காய்ச்சல் கண்ட குட்டிக்குக் கிடையாதுன்னு விரட்டிட்டீங்களே."

யானை காதை ஆட்டியது. "வழியைக் காக்கிறது என் வேலை. இலையைக் காக்கிறதுமா? அடுத்த கூட்டத்துல பார்ப்போம்."

எல்லாரும் எழுந்தார்கள். கீரியம்மா ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கடவுளைக் கும்பிட்டாள். பிறகு நேரே போய்த் தன் கொத்தைக் குழியில் போட்டாள்.

"அடிப் பைத்தியமே, இனி உன் குட்டிக்கு?" என்று கரடி சிரித்தது.

"அதான் குழி இருக்கே." குட்டியோடு யானையின் காலடியில் உட்கார்ந்தாள். "தலைவரே, என் பங்கைப் போட்டுட்டேன். பிள்ளைக்கு மருந்து குடுங்க. குடுக்கிறவரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்."

யானை குழியைப் பார்த்தது. குட்டியைப் பார்த்தது. மெல்ல நடந்துபோய்க் குழிக்குக் காவலாய் நின்று, கலைந்துகொண்டிருந்த கூட்டத்தின் பக்கம் தும்பிக்கையை நீட்டியது.

"ம்... அடுத்த கொத்து யாரோடது?"